டம்பிள்வீடில் அப்டேட் காலை வாரினால்: பழைய நிலைக்குத் திரும்பும் முழு வழி

அப்டேட் போட்டாயிற்று, ரீபூட் செய்தாயிற்று. இப்போது திரை கருப்பாகவே நிற்கிறது. அல்லது வைஃபையைக் காணோம். அல்லது கடவுச்சொல் கொடுத்ததும் டெஸ்க்டாப் வராமல் மறுபடி லாகின் திரைக்கே வந்து நிற்கிறது. உங்களிடம் இருப்பது ஓப்பன்சூசே டம்பிள்வீட் என்ற லினக்ஸ், நிறுவும்போது வட்டு அமைப்பை மாற்றாமல் விட்டவர் நீங்கள் என்றால், பதற்றப்பட வேண்டாம். அப்டேட்டுக்கு முந்தைய சிஸ்டம் அப்படியே உங்கள் வட்டிலேயே இருக்கிறது. பென்டிரைவைத் தேடி ஓடி, எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக நிறுவும் வேலை தேவையில்லை.

திரும்பிப் போவது ஒரே ஒரு கட்டளைதான். ஆனால் அந்தக் கட்டளை எதைத் திருப்புகிறது, எதைத் தொடாமல் விடுகிறது என்று தெரியாமல் ஓட்டினால் இரண்டாவதாக ஒரு சிக்கலை வரவழைத்துக்கொள்வீர்கள். அதனால் கட்டளையைவிட அதற்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவற்றுக்கே இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். கட்டளைகளின் பெயர்களை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அவற்றை வழக்கமான ஆங்கில எழுத்துகளில் தட்டிக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு சொல் குழப்பம்

டம்பிள்வீட் உலகில் 'ஸ்னாப்ஷாட்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. புதியவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான்.

ஒன்று, திட்டம் வெளியிடும் ஸ்னாப்ஷாட். ஓப்பன்க்யூஏ என்ற தானியங்கிச் சோதனையைத் தாண்டிய பேக்கேஜ்களின் ஒரு முழுத் தொகுதி அது. 20240328 போல, தேதியே அதன் எண். இனி இதை 'வெளியீடு' என்றே சொல்கிறேன்.

இன்னொன்று, உங்கள் வட்டில் எடுக்கப்படும் ஸ்னாப்ஷாட். டம்பிள்வீட், சிஸ்டம் இருக்கும் ரூட் பகுதிக்கு பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறைமையைப் பயன்படுத்துகிறது. ஸ்னாப்பர் என்ற கருவி, பேக்கேஜ்களை நிறுவி அப்டேட் செய்யும் ஸிப்பரின் ஒவ்வொரு வேலைக்கும் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று ஜோடியாக ஸ்னாப்ஷாட் எடுத்து வைக்கிறது. எடுத்த நொடியில் இது இடம் எதையும் பெரிதாகப் பிடிப்பதில்லை. பிறகு கோப்புகள் மாற மாற, பழைய பிரதிகளை விடாமல் வைத்திருப்பதால் இடம் கூடுகிறது. நாம் திரும்பப் போவது இந்த ஸ்னாப்ஷாட்டுக்குத்தான்.

கெர்னலை மட்டும் மாற்றிப் பாருங்கள்

முழு சிஸ்டத்தையும் பின்னுக்கு இழுப்பதற்கு முன் ஒரு சிறிய சோதனை. வைஃபை, ஒலி, கிராபிக்ஸ், ஸ்லீப்பிலிருந்து எழாமை போன்ற சிக்கல்களில் பெரும்பாலும் குற்றவாளி புதிய கெர்னல்தான், அதாவது ஹார்டுவேரை இயக்கும் மையப் பகுதி. டம்பிள்வீட் பழைய கெர்னலை உடனே தூக்கி எறிவதில்லை.

1. ரீபூட் செய்து, கிரப் மெனு (சிஸ்டத்தைத் தொடங்கிவைக்கும் பூட்லோடரின் பட்டியல்) வந்ததும் அம்புக்குறி விசையைத் தட்டி நேரக் கணக்கை நிறுத்துங்கள்.
2. 'அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ்' என்று தொடங்கும் வரியைத் திறங்கள்.
3. பட்டியலில் இரண்டாவது பதிப்பு எண்ணாக இருக்கும் கெர்னலைத் தேர்ந்தெடுத்து உள்ளே போங்கள்.

எல்லாம் சரியாக வேலை செய்கிறதா? அப்படியென்றால் ரோல்பேக், அதாவது பழைய ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்புவது, வேண்டாம். கெர்னலில் திருத்தம் வரும்வரை இதிலேயே இருங்கள். ஒரே கவலை, அடுத்தடுத்த அப்டேட்டுகளில் இந்தக் கெர்னல் கழிக்கப்பட்டுவிடுமோ என்பது. சிஸ்டத்தின் அமைப்புகள் இருக்கும் ஈடிசி கோப்புறையில் ஸிப் என்பதற்குள் இருக்கும் ஸிப்.கான்ஃப் கோப்பில் (அங்கே இல்லையென்றால் யுஎஸ்ஆருக்குள் இருக்கும் ஈடிசியிலிருந்து அதை இங்கே நகலெடுத்துக்கொள்ளுங்கள்) 'மல்டிவெர்ஷன்.கெர்னல்ஸ்' என்று ஒரு வரி உண்டு. அதில் வழக்கமாக 'லேட்டஸ்ட், லேட்டஸ்ட்-1, ரன்னிங்' என்று இருக்கும்: மிகப் புதியது, அதற்கு முந்தையது, இப்போது ஓடிக்கொண்டிருப்பது. உங்களுக்கு வேலை செய்யும் கெர்னலின் பதிப்பு எண்ணையும் அந்த வரியின் கடைசியில் ஒரு காற்புள்ளி போட்டுச் சேர்த்துவிடுங்கள். இனி யாரும் அதைத் துடைக்க மாட்டார்கள்.

என்விடியா டிரைவர் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சோதனை இன்னும் முக்கியம். கெர்னல் முந்தி வந்து, அதற்கேற்ற டிரைவர் பிந்தி வரும் நாட்கள் உண்டு. அந்த இடைவெளியில் பழைய கெர்னலே போதும்.

ஸ்னாப்ஷாட்டுக்குள் நுழைந்து பாருங்கள்

கெர்னலை மாற்றியும் பயனில்லை என்றால் அடுத்த படி.

கிரப் மெனுவில் 'ஸ்டார்ட் பூட்லோடர் ஃப்ரம் எ ரீட்-ஒன்லி ஸ்னாப்ஷாட்' என்ற வரியைத் தேர்ந்தெடுங்கள். தேதியும் நேரமும் போட்ட ஒரு பட்டியல் வரும். கெட்டுப்போன அப்டேட்டை எப்போது ஓட்டினீர்கள் என்று நினைவுபடுத்திக்கொண்டு, அதற்குச் சற்று முன்னால் இருக்கும் 'ப்ரீ' வகை ஸ்னாப்ஷாட்டை எடுங்கள். 'போஸ்ட்' என்று இருப்பது அப்டேட்டுக்குப் பிந்தையது. அதற்குள் போனால் அதே கோளாறுதான் வரவேற்கும். வேறொரு பூட்லோடரோடு நிறுவியிருந்தால் மெனுவின் தோற்றம் மாறலாம், ஸ்னாப்ஷாட் பட்டியல் மட்டும் எங்காவது இருக்கும்.

உள்ளே போனதும் எதையும் அவசரப்பட்டுச் செய்யாதீர்கள். இது படிக்க மட்டுமே முடிகிற நிலை. உங்கள் ஹோம் கோப்புறையும், பதிவுகளும் நிரல்களின் தரவும் இருக்கும் வார் கோப்புறையும் தனித்தனி சப்வால்யூம்கள் (பிடிஆர்எஃப்எஸ்ஸின் உட்பிரிவுகள்) என்பதால் அவற்றில் எழுத முடியும். டெஸ்க்டாப் பெரும்பாலும் வழக்கம்போலத் திறக்கும். கெட்டுப்போன அதே விஷயத்தை இங்கே சோதியுங்கள். வைஃபை வருகிறதா, திரை சரியாக இருக்கிறதா, மடிக்கணினியை மூடித் திறந்தால் எழுகிறதா. சரியில்லை என்றால் ரீபூட் செய்து இன்னும் பழைய ஸ்னாப்ஷாட்டைப் பாருங்கள். மூன்று நான்கு பழைய நிலைகளிலும் அதே கோளாறு இருந்தால், பழி அப்டேட்டின் மேல் இல்லை. ஹார்டுவேரைச் சந்தேகியுங்கள்.

ரோல்பேக் செய்வதற்கு முன் ஐந்து நிமிடம்

இந்த ஐந்து நிமிடத்தைத் தாண்டிப் போக வேண்டாம் என்று உங்களை வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஒருமுறை தாண்டிப் போயிருக்கிறேன். வைஃபை போன பதற்றத்தில் நான்கு நாள் பழைய ஸ்னாப்ஷாட்டுக்கு ரோல்பேக் செய்தேன். வைஃபை வந்தது. ஆனால் அந்த நான்கு நாட்களில் பிரிண்டருக்காகவும் ஃபயர்வாலுக்காகவும் உட்கார்ந்து செய்த அமைப்புகள் எல்லாம் போயிருந்தன. ஈடிசி கோப்புறை ரூட் சப்வால்யூமுக்குள்ளேயே இருக்கிறது. சிஸ்டத்தோடு சேர்ந்து அதுவும் பின்னால் போகும். அது எனக்குத் தெரிந்த விஷயம்தான், அன்றைக்கு நினைவில் வரவில்லை.

ஆகவே, ஸ்னாப்ஷாட்டுக்குள் இருக்கும்போதே 'சூடோ ஸ்னாப்பர் லிஸ்ட்' என்று தட்டுங்கள். எண்கள் வரிசையாக வரும். இப்போது நீங்கள் இருக்கும் எண்ணுக்குப் பக்கத்தில் '-' குறியும், அடுத்த பூட்டில் வரப்போகும் எண்ணுக்குப் பக்கத்தில் '+' குறியும் இருக்கும். இரண்டும் ஒன்றே என்றால் '*' நிற்கும். பிறகு 'சூடோ ஸ்னாப்பர் ஸ்டேட்டஸ்' கட்டளைக்கு அப்டேட்டின் ப்ரீ எண்ணையும் போஸ்ட் எண்ணையும் நடுவில் இரண்டு புள்ளி வைத்துக் கொடுங்கள், 245..246 என்பதுபோல. அந்த அப்டேட்டில் மாறிய ஒவ்வொரு கோப்பும் வரிசையாக ஓடும். நீளம் அதிகம், ஈடிசி என்று தொடங்கும் வரிகளை மட்டும் பார்த்தால் போதும்.

இங்கே இன்னொரு நல்ல விஷயம். வார் கோப்புறை ஸ்னாப்ஷாட்டில் சேராது என்பதால் தோற்றுப்போன பூட்டின் பதிவுகள் அப்படியே இருக்கின்றன. 'ஜர்னல்சிடிஎல்' கட்டளையை '-பி -1' என்ற தெரிவோடு ஓட்டினால் போன பூட்டில் என்ன நடந்தது என்று படிக்கலாம். எந்தப் பேக்கேஜ் எப்போது வந்தது என்பது வார், லாக், ஸிப் என்று உள்ளே போனால் கிடைக்கும் 'ஹிஸ்டரி' கோப்பில் இருக்கும். பிழை வரிகளை ஹோமில் ஒரு கோப்பில் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

ரோல்பேக்

சரியான ஸ்னாப்ஷாட்டுக்குள் நின்றபடி:

1. 'சூடோ ஸ்னாப்பர் ரோல்பேக்'
2. 'சூடோ ரீபூட்'
3. கிரப் மெனுவில் எதையும் தொடாமல் வழக்கமான முதல் வரியிலேயே போக விடுங்கள்.

அவ்வளவுதான். உள்ளே நடப்பதைத் தெரிந்துகொண்டால் பயம் போகும். ஸ்னாப்பர் முதலில், கெட்டுப்போன தற்போதைய சிஸ்டத்தையும் படிக்க மட்டுமே முடிகிற ஒரு ஸ்னாப்ஷாட்டாக எடுத்து வைக்கிறது. அப்புறம் நீங்கள் நிற்கும் ஸ்னாப்ஷாட்டிலிருந்து எழுதக்கூடிய ஒரு பிரதியை உருவாக்கி, அதையே இயல்பான ரூட்டாக்குகிறது. எதுவும் அழிக்கப்படவில்லை. நான் தொலைத்ததாக நினைத்த பிரிண்டர் அமைப்புகளும் அந்த முதல் ஸ்னாப்ஷாட்டில்தான் இருந்தன. ரூட்டில் '.ஸ்னாப்ஷாட்ஸ்' என்ற மறைகோப்புறைக்குள் போய், எண்ணைத் திறந்து, அதற்குள் 'ஸ்னாப்ஷாட்' கோப்புறையின் ஈடிசியிலிருந்து வேண்டிய கோப்பை மட்டும் நகலெடுத்துக்கொண்டேன்.

ஒரு எச்சரிக்கை. சிஸ்டம் ஓரளவு வேலை செய்கிறது, அதற்குள்ளிருந்தே ரோல்பேக் செய்கிறீர்கள் என்றால் எண்ணைக் கட்டாயம் கொடுங்கள்: 'சூடோ ஸ்னாப்பர் ரோல்பேக் 245'. எண் இல்லாமல் ஓட்டினால் இப்போதைய நிலையையே பிரதி எடுத்து அதையே இயல்பாக்கும். ரீபூட் செய்த பிறகும் கோளாறு அப்படியே இருக்கிறதே என்று குழம்பிப்போவீர்கள்.

எது திரும்பாது

ஹோம், வார், ஆப்ட், எஸ்ஆர்வி, ரூட் பயனரின் கோப்புறை, யுஎஸ்ஆருக்குள் இருக்கும் லோக்கல்: இவை எல்லாம் தனி சப்வால்யூம்கள். வேண்டுமென்றேதான் இப்படிப் பிரித்திருக்கிறார்கள். சிஸ்டத்தை ஒரு வாரம் பின்னால் இழுக்கும்போது உங்கள் ஆவணங்களும் மின்னஞ்சல்களும் சேர்ந்து பின்னால் போய்விடக் கூடாதல்லவா. ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. நிரல் பழையதாகிவிடுகிறது, அதன் தரவு புதியதாகவே நிற்கிறது.

ஃபயர்ஃபாக்ஸ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2019-ல் வந்த 67-ஆம் பதிப்பிலிருந்து, புதிய பதிப்பு ஒருமுறை தொட்ட சுயவிவரத்தைப் பழைய பதிப்பு திறக்க மறுத்து, புதிதாக ஒன்றை உருவாக்கச் சொல்லும். பலர் அதைச் சொடுக்கிவிட்டு, புக்மார்க்குகள் எல்லாம் போச்சே என்று கலங்குகிறார்கள். போகவில்லை, பழைய சுயவிவரம் ஹோமில் அப்படியே இருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸை '--அலவ்-டவுன்கிரேடு' தெரிவோடு தொடங்கலாம், முன்கூட்டியே சுயவிவரக் கோப்புறையை நகலெடுத்துவிட்டு.

டேட்டாபேஸ்கள் இதைவிடக் கடுமை. போஸ்ட்கிரெஸ், மரியாடிபி ஆகியவற்றின் தரவு வார் கோப்புறையில் இருக்கிறது. பெரிய பதிப்பு மாற்றத்துக்குப் பின் தரவு புதிய வடிவத்துக்கு மாறியிருந்தால் பழைய நிரலுக்கு அதைப் படிக்கத் தெரியாது. டேட்டாபேஸ் ஓட்டுபவர்கள் அப்டேட்டுக்கு முன் தரவை வெளியே ஒரு கோப்பாக எழுதும் டம்ப் எடுத்தே ஆக வேண்டும். ஸ்னாப்ஷாட் என்பது பேக்கப் ஆகாது. வட்டு செத்தால் எல்லா ஸ்னாப்ஷாட்டும் சேர்ந்தே சாகும்.

பயாஸ் அல்லது சாதனங்களின் ஃபர்ம்வேர் அப்டேட், பூட் ஃபைல்கள் இருக்கும் ஈஎஃப்ஐ பகுதி: இவையும் திரும்பாது.

திரும்பிப் போவதே போதாத ஒரு நிலையும் உண்டு. 2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர், எக்ஸ்இஸட் என்ற சுருக்க நூலகத்தின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒரு பின்வாசல் ஒளிந்திருப்பதை உலகுக்கு அறிவித்தார். டம்பிள்வீடிலும் அந்தப் பதிப்பு மார்ச் 7 முதல் 28 வரை இருந்தது. திட்டத்தினர் உடனே பழைய குறிமுறைக்குத் திரும்பி, பேக்கேஜுக்கு '5.6.1.ரிவர்ட்டு5.4' என்று விசித்திரமான ஒரு பதிப்பு எண் கொடுத்தார்கள். எண் வரிசையில் அது 5.6.1-ஐவிடப் புதியது, எல்லார் கணினிக்கும் சாதாரண அப்டேட்டாகவே போய்ச் சேரும். ஆனால் தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் வாசலை இணையத்துக்குத் திறந்து வைத்திருந்தவர்களுக்கு அவர்கள் பரிந்துரைத்தது புதிதாக நிறுவுவதையே. உடைந்துபோன நிரலுக்குத்தான் ரோல்பேக் மருந்து. யாரோ உள்ளே வந்து போயிருக்கலாம் என்ற சந்தேகத்துக்கு அது மருந்தல்ல.

கிரப் மெனுவே வரவில்லை என்றால்

ஸ்னாப்ஷாட் பட்டியலைக் காட்டுவதே பூட்லோடர்தான். அதுவே படுத்துவிட்டால் வெளியிலிருந்துதான் உள்ளே போக வேண்டும். 2022 ஆகஸ்டில் ஆர்ச் என்ற லினக்ஸும் அதன் வழி வந்தவையும் ஓடிய கணினிகள் பல ஒரு கிரப் அப்டேட்டுக்குப் பின் எழாமல் நின்றது இப்படித்தான்.

டம்பிள்வீடின் லைவ் அல்லது ரெஸ்க்யூ படத்தை பென்டிரைவில் எழுதி அதிலிருந்து பூட் செய்யுங்கள். ரூட் பகுதியை எம்என்டி கோப்புறையில் மவுண்ட் செய்யுங்கள். சப்வால்யூம் எதையும் குறிப்பிடாவிட்டால் இயல்பான ரூட்டே வரும். டெவ், ப்ராக், சிஸ் மூன்றையும் அதற்குள் '--ஆர்பைண்ட்' தெரிவோடு மவுண்ட் செய்து, 'சிஎச்ரூட்' மூலம் உள்ளே நுழையுங்கள். நுழைந்ததும் 'மவுண்ட் -ஏ' ஓட்ட மறக்காதீர்கள். மற்ற சப்வால்யூம்களும் ஈஎஃப்ஐ பகுதியும் அப்போதுதான் வந்து சேரும். பிறகு 'அப்டேட்-பூட்லோடர் --ரீஇனிட்'. வெளியே வந்து ரீபூட் செய்தால் மெனு வர வேண்டும்.

திரும்பி வந்த பிறகு

பலர் தவறுவது இங்கே. ரோல்பேக் செய்த மகிழ்ச்சியில் மறுநாளே முழு அப்டேட் கட்டளையான 'ஸிப்பர் டூப்' ஓட்டி, அதே கோளாறை மறுபடி வரவழைத்துக்கொள்கிறார்கள்.

கெட்டது எந்தப் பேக்கேஜ் என்று தெரிந்தால் அதை மட்டும் பூட்டி வைக்கலாம்: 'சூடோ ஸிப்பர் ஆட்லாக்', அடுத்து பேக்கேஜின் பெயர். ஒரு தனி நிரலுக்கு இது பொருந்தும். மெசா, க்யூடி, கிளிப்சி போல நூறு பேர் சாய்ந்து நிற்கும் நூலகங்களைப் பூட்டாதீர்கள். அடுத்த அப்டேட்டில் ஸிப்பர் முரண்பாடுகளை அடுக்கி உங்களைக் கேள்வி கேட்கும்.

எது என்று தெரியாவிட்டால் முழு அப்டேட்டையும் சில நாள் தள்ளிப் போடுங்கள். 'டம்பிள்வீட்-சிஎல்ஐ' என்ற சிறிய கருவியை நிறுவி, 'டம்பிள்வீட் இனிட்' ஓட்டிவிட்டால், 'டம்பிள்வீட் ஸ்விட்ச்' கட்டளைக்கு வெளியீட்டு எண்ணைக் கொடுத்து அந்த வெளியீட்டிலேயே நிற்கலாம். புதிய நிரல் ஏதாவது நிறுவ வேண்டியிருந்தாலும் அதே வெளியீட்டுக்குப் பொருந்தும் பேக்கேஜே வரும். அண்மைய வெளியீடுகள் சில மட்டுமே சர்வரில் இருக்கும் என்பதால் மாதக்கணக்கில் ஒளிந்திருக்க முடியாது.

நல்ல நிலையில் இருக்கும் ஸ்னாப்ஷாட்டைத் துப்புரவிலிருந்து காப்பாற்றவும் வேண்டும். ஸ்னாப்பர் பழையவற்றைத் தானாகவே கழிக்கும். 'ஸ்னாப்பர் மாடிஃபை' கட்டளையில் '--கிளீனப்-அல்காரிதம்' தெரிவுக்கு வெற்று மேற்கோள் குறிகளைக் கொடுத்து எண்ணைச் சேர்த்தால், நீங்களே அழிக்கும்வரை அது நிற்கும். ஆனால் பூட்டி வைத்த ஸ்னாப்ஷாட் நாளாக நாளாக இடத்தைத் தின்னும். இடத்தைப் பார்க்க 'டிஎஃப்' போதாது, 'பிடிஆர்எஃப்எஸ் ஃபைல்சிஸ்டம் யூசேஜ்' ஓட்டுங்கள்.

அடுத்த அப்டேட்டை எப்படி ஓட்டுவது

டம்பிள்வீடில் எப்போதும் 'ஸிப்பர் டூப்'தான், 'ஸிப்பர் அப்' அல்ல. பெரிய அப்டேட் என்றால் முதலில் '--டவுன்லோட்-ஒன்லி' போட்டு எல்லாவற்றையும் இறக்கிக்கொள்ளுங்கள். பாதியில் இணையம் போனாலும் கவலையில்லை. ஓட்டும்போது கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்தி எழுத்துத் திரைக்குப் போய் அங்கே ஓட்டுவது என் பழக்கம். டெஸ்க்டாப்பே அப்டேட் ஆகும் வேளையில் அது சாய்ந்தால் டெர்மினலும் சேர்ந்து சாயும். ஸிப்பர் 'இதைச் செய்யவா, அதைச் செய்யவா' என்று முரண்பாட்டுக் கேள்வி கேட்டால் ரத்து செய்துவிட்டு இரண்டு நாள் பொறுங்கள். பேக்மேன் என்ற கோடெக் களஞ்சியம் சேர்த்திருப்பவர்களுக்கு இது அடிக்கடி வரும். அந்தக் களஞ்சியம் பின்தங்கியிருக்கும், தானாகவே சேர்ந்துவிடும்.

ஆர்ச் வைத்திருப்பவர்களுக்கு

ஆர்ச்சில் ஸ்னாப்ஷாட் தானாக வராது. ஆனால் பழைய பேக்கேஜ் கோப்புகள் உங்கள் கணினியிலேயே இருக்கும்: வார், கேஷ், பேக்மேன், பிகேஜி என்று உள்ளே போங்கள். (ஆர்ச்சின் பேக்கேஜ் மேலாளர் பெயரும் தமிழில் பேக்மேன் என்றே ஒலிக்கிறது, மேலே சொன்ன களஞ்சியம் வேறு.) அங்கிருக்கும் பழைய கோப்பைப் பெரிய எழுத்து யூ தெரிவோடு நிறுவலாம். மறுபடி அப்டேட் ஆகாமலிருக்க பேக்மேன்.கான்ஃப் கோப்பில் 'இக்னோர்பிகேஜி' வரியில் பெயரைச் சேருங்கள். முழு சிஸ்டத்தையும் ஒரு நாளுக்குத் திருப்ப, ஆர்ச் லினக்ஸ் ஆர்க்கைவின் அந்தத் தேதியை மிரராக வைத்து, ஒய் இரண்டு, யூ இரண்டு போட்டு அப்டேட் ஓட்டினால் பேக்கேஜ்கள் கீழிறங்கும்.

ஸ்னாப்பரை நீங்களே ஆர்ச்சில் அமைத்திருந்தால் இரண்டு இடத்தைச் சரிபாருங்கள். பூட் கோப்புறை தனி ஃபேட் பகுதியாக இருந்தால் கெர்னல் கோப்பு ஸ்னாப்ஷாட்டில் இராது. ரோல்பேக்குக்குப் பின் புதிய கெர்னல், பழைய மாட்யூல்கள் என்று ஜோடி பிரிந்து பூட் நிற்கும். அப்போது சிஎச்ரூட்டில் போய் கெர்னலை மறுபடி நிறுவ வேண்டும். அதேபோல, வாரைத் தனி சப்வால்யூமாகப் பிரித்திருந்தால் பேக்மேனின் தரவுத்தளம் பின்னால் வராது. நிறுவாத பதிப்பை நிறுவியதாக அது நம்பிக்கொண்டிருக்கும். டம்பிள்வீட் இதே காரணத்துக்காகத்தான் ஆர்பிஎம் தரவுத்தளத்தை வாரிலிருந்து எடுத்து யுஎஸ்ஆருக்குள் வைத்திருக்கிறது.

பூட்டைத் திறக்கும் நாள்

ஹோமில் சேமித்து வைத்த பிழை வரிகளை, பேக்கேஜின் பழைய, புதிய பதிப்பு எண்களோடு பிழை அறிவிக்கும் தளமான ஓப்பன்சூசே பக்ஸில்லாவில் பதிவு செய்யுங்கள். உங்கள் மடிக்கணினியிலுள்ள அதே சிப் இன்னும் பல பேரிடம் இருக்கும். திருத்தம் வெளியானதாகச் செய்தி வந்ததும், 'ஸிப்பர் லாக்ஸ்' ஓட்டிப் பூட்டிய பேக்கேஜ்களைப் பாருங்கள், 'ஸிப்பர் ரிமூவ்லாக்' மூலம் திறந்துவிடுங்கள். டம்பிள்வீட்-சிஎல்ஐயில் நின்றிருந்தால் 'டம்பிள்வீட் ஸ்விட்ச்' கட்டளைக்குப் புதிய வெளியீட்டு எண்ணைக் கொடுங்கள். அதன் பிறகு டூப் ஓட்டி, ரீபூட் செய்து, முதலில் கெட்டுப்போன அதே விஷயத்தைச் சோதித்துப் பாருங்கள். அது ஒரு வாரம் ஒழுங்காக ஓடினால், காப்பாற்றி வைத்த பழைய ஸ்னாப்ஷாட்டை 'ஸ்னாப்பர் டெலீட்' கொடுத்து அழித்துவிடலாம்.